தடை போட்டவன் சொல்கிறேன், தடை வேண்டாம்

போன மாதம் கணபதியில் என் பழைய நண்பரின் பட்டறைக்குப் போயிருந்தேன். நண்பர் இப்போது இல்லை. மகன்தான் நடத்துகிறார். அப்பா காலத்தில் நாலு லேத் ஓடிய இடத்தில் இன்று வரிசையாக சி.என்.சி. மெஷின்கள். முன்பக்கம் ஏ.சி. போட்ட ஆபீஸ், கண்ணாடிக் கதவு. அந்தக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"அலுவலக நெட்வொர்க்கில் வாட்ஸ்அப் கால், ஜூம், டீம்ஸ் உள்ளிட்ட இன்டர்நெட் அழைப்புகள் அனைத்தும் தடை செய்யப்பட்டுள்ளன. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

படித்துவிட்டு உள்ளே போனேன். தம்பி தன் அறையில் ஜெர்மனிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எதில் என்று நினைக்கிறீர்கள்? வாட்ஸ்அப்பில்தான். ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த போனின் டேட்டாவில். "உக்காருங்க அங்கிள்" என்று கையாலேயே ஜாடை காட்டினார்.

அறையின் ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று பையன்கள், ஆளுக்கொரு போனோடு, வெயிலில் நடந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பர்ச்சேஸ். ராஜ்கோட் சப்ளையரிடம் பேசுகிறானாம். இன்னொருவன் தரக்கட்டுப்பாடு. கஸ்டமருக்கு வீடியோவில் ஒரு பீஸைக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் மட்டும்தான் வீட்டுக்குப் பேசினான்.

பேசி முடித்த தம்பியிடம் கதவைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க அங்கிள், நீங்க கேக்கறீங்களா இத? உங்க கம்பெனில ஸ்கைப்ப மொத மொதல்ல தடை பண்ணுனதே நீங்கதானுங்களே. எங்கப்பா எத்தன தடவ சொல்லியிருக்காரு!"

உண்மைதான். அன்று காப்பியைக் குடித்துவிட்டு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பட்டறை, மில், கடை என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு என்னைப் போல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தவன் நான். கம்ப்யூட்டர் வந்தபோது ஈ.டி.பி. பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் சிஸ்டம்ஸ் மேனேஜர் என்று ஒரு பெயர்ப்பலகை. நான் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக்குச் செய்தி என்றால் டெலக்ஸ். பிறகு ஃபேக்ஸ். ஐ.எஸ்.டி. வந்தபோது அது ஒரு சாமி சன்னதி மாதிரி. போனுக்கே பூட்டு இருந்தது, சாவி ஜி.எம். மேஜை டிராயரில். 1990களின் கடைசியில்கூட அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச 60 ரூபாய்க்கு மேல் ஆகும். பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பேசுவோம். வெளிநாட்டு அழைப்பு முழுவதும் வி.எஸ்.என்.எல். ஒன்றின் கையில்தான் இருந்தது. அந்த ஏகபோகம் முடிந்தது 2002இல்.

அதே 2002 ஏப்ரல் 1 முதல்தான் இன்டர்நெட் வழியே பேசுவதற்கு இந்திய அரசு அனுமதி கொடுத்தது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்கும் பேசலாம். உள்நாட்டு போனுக்கு மட்டும் கூடாது. இந்த வித்தியாசம் பாதிப் பேருக்குப் புரியவில்லை. "இன்டர்நெட்டில் பேசினால் போலீஸ் பிடிக்கும்" என்று ஒரு பயம் கோயம்புத்தூரில் ரொம்ப நாள் இருந்தது.

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. ஸ்வீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் ஆரம்பித்தது. மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியா நாட்டுப் பையன்கள். இலவசம். அடுத்த வருடமே கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்க போனுக்கு நிமிடத்துக்கு 1.7 யூரோ சென்ட் என்று கட்டணம் வைத்தார்கள். நம் காசில் ஏறக்குறைய ஒரு ரூபாய். 60 ரூபாய் எங்கே, ஒரு ரூபாய் எங்கே? எங்கள் ஏற்றுமதிப் பிரிவுப் பையன்கள் ஆளுக்கொரு ஹெட்போன் வாங்கி வந்துவிட்டார்கள்.

2005இல் நான் தடை போட்டேன். ஏன் என்று சொல்கிறேன். முட்டாள்தனமாகப் போடவில்லை. நாலு காரணம் இருந்தது.

ஒன்று, லைன். அரசாங்கத்தின் 2004ஆம் வருட பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். எங்களிடம் இருந்ததும் அவ்வளவுதான், மொத்தக் கம்பெனிக்கும். ஒரு ஸ்கைப் பேச்சு அதில் 30லிருந்து 50 கிலோபிட் வரை தின்னும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் டெஸ்பாட்ச் பிரிவின் மெயில் நகராது.

இரண்டு, அது வேலை செய்த விதம். ஸ்கைப்புக்கு அன்று பெரிய சர்வர் கூட்டம் எதுவும் கிடையாது. பயன்படுத்துகிறவர்களின் கம்ப்யூட்டர்களையே பிடித்துக்கொண்டு ஓடியது. நல்ல லைனும், வெளியிலிருந்து நேராகத் தொடக்கூடிய முகவரியும் உள்ள கம்ப்யூட்டரை அது 'சூப்பர்நோடு' ஆக்கிவிடும். அதாவது, ஊர் பேர் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு நம் கம்பெனிக் கம்ப்யூட்டர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கும். லைன் வாடகை நம்முடையது.

மூன்று, பூட்ட முடியாது. ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு. எல்லாவற்றையும் அடைத்தாலும், வெப்சைட் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் வழியிலேயே புகுந்து போய்விடும். உள்ளே என்ன போகிறது என்று பார்க்கவும் முடியாது; எல்லாம் ரகசியக் குறியீடு. 2006இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு பேர் அந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, தன்னை யாரும் பிரித்துப் பார்க்காதபடி அது எத்தனை தந்திரம் செய்கிறது என்று ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நாலு, ஃபைல் அனுப்பும் வசதி. எங்கள் பம்ப் டிராயிங் எல்லாம் ஒரே இழுப்பில் வெளியே போய்விடலாம். வைரஸ் ஒன்று உள்ளே வந்துவிடவும் செய்யலாம்.

இந்த நாலும் அன்றைக்குச் சரியான பயங்கள். இன்றும் மறுக்க மாட்டேன். தப்பு, அந்தப் பயத்துக்கு நான் செய்த வைத்தியத்தில் இருக்கிறது.

சர்க்குலர் போட்டேன். மென்பொருளை ஒவ்வொரு மெஷினாகப் போய் நீக்கினேன். 'பேச வேண்டுமானால் ஐ.எஸ்.டி. இருக்கிறது, ஜி.எம். அனுமதி பெற்றுப் பேசவும்' என்று கடைசி வரி எழுதினேன். எம்.டி. முதுகில் தட்டிக் கொடுத்தார்.

2006இல் ஒரு நாள் சாயங்காலம். நைரோபியில் ஒரு கஸ்டமர். எங்கள் சப்மெர்சிபிள் பம்புகளை இறக்கியிருந்தார். ஒரு பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் பாதிகூட வரவில்லை. மெயில் மேல் மெயில். நம் ஊரில் ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை. அவர்களுக்கு வேலை நேரம். எங்கள் ஜி.எம். கிளம்பிப் போயாயிற்று. ஐ.எஸ்.டி. பூட்டியிருக்கிறது. ஸ்கைப் கிடையாது.

ஏற்றுமதிப் பிரிவில் ஒரு பையன் இருந்தான். டிப்ளமா படித்தவன், இருபத்து நாலு வயசு இருக்கும். எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனான். அரை மணிக்கு 15 ரூபாய் கொடுத்து, ஸ்கைப்பில் அந்த இன்ஜினியரைப் பிடித்தான். நாலு கேள்வி கேட்டான். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று புரிந்துவிட்டது. மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுக்கச் சொன்னான். அவ்வளவுதான் வைத்தியம். பேச்சு முடிவதற்குள்ளேயே தண்ணீர் கொட்டிவிட்டது. சந்தோஷத்தில் அந்த இன்ஜினியர் அடுத்த ஆர்டருக்கு விலை கேட்டார். பையன் தன் மெயிலிலிருந்து விலைப்பட்டியலை அந்த சென்டர் கம்ப்யூட்டரில் இறக்கி, அங்கிருந்தே அனுப்பிவிட்டு வந்தான்.

மறுநாள் அந்த 15 ரூபாய்க்கு ஒழுங்காகப் பெட்டி கேஷ் வவுச்சர் போட்டான். காரணம் என்ற இடத்தில் 'கஸ்டமரிடம் ஸ்கைப்பில் பேசியது' என்று உண்மையை எழுதினான். மாட்டிக்கொண்டது அதனால்தான். அக்கவுண்ட்ஸில் கேள்வி வந்து, வவுச்சர் ஜி.எம். மேஜைக்குப் போய், என்னைக் கூப்பிட்டார்கள். நான் அந்த பிரவுசிங் சென்டருக்கு நேரில் போனேன். அன்றைக்கு மூன்றாவது நாள். எங்கள் ஏற்றுமதி விலைப்பட்டியல், கமிஷன் விவரத்தோடு, அந்தக் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே கிடந்தது. சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். நான்தான் அழித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து டெக்னிக்கல் குறிப்பு எழுதினேன். 'தடையை மீறியதோடு நிறுவனத்தின் ரகசிய ஆவணத்தைப் பொது இடத்தில் விட்டுச் சென்றது' என்று. அதை வைத்து மெமோ. ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். பையன் எதிர்த்துப் பேசவில்லை. "தப்புதானுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டான். ஆறு மாதத்தில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நைரோபி ஆர்டர் வந்தது. அதற்காக ஏற்றுமதிப் பிரிவுக்கு எம்.டி. ஸ்வீட் பெட்டி கொடுத்தார். அந்தப் பெட்டியில் நானும் ஒரு மைசூர்பாக்கு எடுத்துத் தின்றேன்.

யோசித்துப் பாருங்கள். நான் தடை போட்டது எதற்கு? விலைப்பட்டியல் வெளியே போகக்கூடாது என்று. அது வெளியே போனது எதனால்? என் தடையால். அந்தப் பையன் தன் சீட்டில் உட்கார்ந்தே பேசியிருந்தால் அந்தத் தாள் எங்கள் கம்ப்யூட்டரை விட்டு அசைந்திருக்காது. வேலை நடந்தாக வேண்டும். வழியை நான் அடைத்துவிட்டேன். அவன் வேறு வழியாகப் போனான். குற்றப்பத்திரிகை மட்டும் அவன் பெயரில்.

இதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். ஆபீஸில் இன்டர்நெட் பேச்சுக்குத் தடை போட்டால் பேச்சு நிற்காது. நமக்குத் தெரியாத இடத்துக்குப் போகும். அன்று பிரவுசிங் சென்டர். இன்று வேப்பமரத்தடி.

அன்றாவது எதிர் வரிசைக்கு நடந்து போக வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. 2015இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்த நாளோடு நெட்வொர்க் தடை என்பதற்குப் பொருளே போய்விட்டது. தம்பியின் பட்டறையில் தரக்கட்டுப்பாட்டுப் பையன் கஸ்டமரின் பீஸைக் காட்டியது தன் சொந்த போனில். அந்த வீடியோ, அந்த கஸ்டமரின் நம்பர், 'இந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்' என்று கஸ்டமர் சொன்ன வார்த்தை, எல்லாம் அந்தப் பையனின் போனில். நாளைக்கு அவன் வேலையை விட்டுப் போனால் எல்லாம் அவனோடு போகும். கஸ்டமர் 'நான் அப்படிச் சொல்லவேயில்லை' என்றால் தம்பியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கதவில் ஒட்டிய தாள் மட்டும் இருக்கும்.

இது சின்னப் பட்டறைகளின் கதை மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஆணையம் 16 நிதி நிறுவனங்களுக்கு, எல்லாம் பெரிய தலைகள், மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. வேலை விஷயங்களை ஊழியர்கள் சொந்த போனில் குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் பேசிக்கொண்டார்கள்; நிறுவனங்கள் அவற்றைப் பதிவில் வைக்கவில்லை. இத்தனைக்கும், அப்படிப் பேசக்கூடாது என்று அந்த நிறுவனங்களில் விதி இருந்தது. தாளில் இருந்தது. விதி போட்ட மேலதிகாரிகளே மீறியிருந்தார்கள், நம் தம்பியைப் போலவே.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நானே அந்தத் தரப்பில் இருந்தவன்தானே.

"லைன் தாங்காது" என்பார்கள். 2005இல் சரி. இன்று கோயம்புத்தூரில் சின்ன ஆபீஸ்கூட 100 மெகாபிட் ஃபைபர் வைத்திருக்கிறது. ஒரு பேச்சுக்கு 100 கிலோபிட் என்று தாராளமாகவே வைத்தாலும் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடியோ கூடுதலாகத் தின்னும், உண்மை. அதற்கு ரூட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்து, மற்றதற்கு அளவு வைக்கலாம். லைன் போட வருகிற பையனிடம் சொன்னால் செய்து கொடுப்பான்.

"சூப்பர்நோடு" என்று யாராவது இன்னும் சொன்னால் அவர் என் வயசுக்காரராகத்தான் இருப்பார். நிறுவனங்கள் அதை அணைத்துக்கொள்ள ஸ்கைப்பே பிற்பாடு வழி செய்தது. 2012இல் மைக்ரோசாஃப்ட் அந்த வேலையைத் தன் சொந்த சர்வர்களுக்கே மாற்றிவிட்டது. 2025 மே 5ஆம் தேதி ஸ்கைப்பையே மூடியும் விட்டார்கள். நான் யாரோடு சண்டை போட்டேனோ அது போய்ச் சேர்ந்துவிட்டது. என் சர்க்குலரைக் காப்பியடித்த அறிவிப்புகள்தான் இன்னும் கதவுகளில் உயிரோடு இருக்கின்றன.

"பாதுகாப்பு" என்பது கனமான வாதம். அதை நான் லேசாக எடுக்கவில்லை. 2019இல் வாட்ஸ்அப்பில் ஒரு ஓட்டை இருந்தது. அழைப்பு வந்தாலே போதும், எடுக்காவிட்டாலும் போனுக்குள் உளவு மென்பொருள் புகுந்துவிடும். ஏறக்குறைய 1,400 பேரைக் குறி வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் நம் உள்துறை அமைச்சகமே, ஜூம் பாதுகாப்பானதல்ல, அரசு அதிகாரிகள் அலுவல் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவுரை வெளியிட்டது. ஆக, ஆபத்து உண்டு. ஆனால் 2023 மார்ச்சில் நடந்ததையும் பாருங்கள். த்ரீ சி.எக்ஸ். என்று, கம்பெனிகளுக்கென்றே விற்கப்படும் போன் மென்பொருள். முறைப்படி வாங்கிப் போட்டவர்களுக்கு வந்த அப்டேட்டிலேயே திருடர்கள் விஷத்தைக் கலந்திருந்தார்கள். பெரிய கம்பெனி கொடுத்தது என்பதும் காப்பாற்றவில்லை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, பாதுகாப்பு என்பது தினசரி வேலை. எந்த மென்பொருள் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று பட்டியல் வைப்பது, அப்டேட் போடுவது, பாஸ்வேர்டை ஒழுங்காக வைப்பது, ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே பிடுங்குவது. இதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும், அவருக்கு நேரம் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் தடை போடுகிறார்கள். நானும் அதற்காகத்தான் போட்டேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு சர்க்குலர் அடிக்க ஒரு தாள் போதும்.

"பையன்கள் வேலையை விட்டுவிட்டு அரட்டை அடிப்பார்கள்" என்பது கடைசி வாதம். மனசுக்குள் இதுதான் முதல் வாதம், வெளியே சொல்ல மாட்டார்கள். அரட்டை அடிக்கிறவனுக்கு ஆபீஸ் வைஃபை வேண்டியதில்லை. அவன் கையில் டேட்டா இருக்கிறது. அந்தக் காலத்தில் கேன்டீனில் ஒரு டீக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள் எந்த மென்பொருளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்? ஒருவன் வேலை செய்கிறானா என்று பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. அதை ஃபயர்வாலிடம் ஒப்படைத்தால் அரட்டைக்காரன் தப்பித்துவிடுவான். கஸ்டமரிடம் பேச வேண்டியவன் மாட்டிக்கொள்வான்.

அப்படியானால் திறந்து விட்டுவிடலாமா என்று தம்பி கேட்பார். கதவைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் ஐந்து விஷயம் செய்யலாம்.

முதலாவது, எதில் பேசுவது என்று கம்பெனியே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். கணக்கு கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில். ஆள் போனாலும் கணக்கு இங்கேயே இருக்கும். கஸ்டமரிடம் பேசுகிறவர்களுக்குக் கம்பெனி போனும் சிம்மும் வாங்கிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தத்தில் மிச்சமாகும் காசைவிட அது அதிகம் ஆகாது.

இரண்டாவது, நெட்வொர்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டிராயிங், கணக்கு, சி.என்.சி. மெஷின்கள் ஒரு பக்கம். போன்களும் வந்து போகிறவர்களும் இன்னொரு பக்கம். இந்தப் பக்கம் எது புகுந்தாலும் அந்தப் பக்கம் தாண்டக்கூடாது. இன்று கடையில் வாங்கும் பல ரூட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. 2005இல் எனக்கு இது இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருந்தால் அந்த சர்க்குலரை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாவது, பேசலாம், ஆனால் விலை, அளவு, தேதி எதையாவது பேச்சில் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். டிராயிங்கும் விலைப்பட்டியலும் மெயிலில் மட்டுமே போக வேண்டும். இந்த விதியைப் பையன்கள் மதிப்பார்கள். காரணம் புரிகிற விதி இது.

நாலாவது, சாதாரண போனைக் கழற்றிவிடாதீர்கள். ஒரு மென்பொருளை மட்டும் நம்பக்கூடாது. 2007 ஆகஸ்டில் ஸ்கைப் உலகம் முழுக்க ஏறக்குறைய இரண்டு நாள் படுத்துவிட்டது. நம் ஆட்கள் நிறையப் போய் வரும் துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது; அந்த நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. அங்கே இருக்கிற கஸ்டமருக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஃபவுண்டரியில் ஒருவருக்கு அடிபட்டால் 108ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. கரண்ட் போய் ரூட்டர் அணைந்தாலும் வேலை செய்கிற ஒரு போன் செக்யூரிட்டி மேஜையில் இருக்கட்டும்.

ஐந்தாவது, எந்த விதியானாலும் முதலாளிக்கும் சேர்த்துத்தான். தம்பி ஜெர்மனிக்காரரிடம் எதில் பேசுகிறாரோ அதில்தான் பர்ச்சேஸ் பையனும் ராஜ்கோட்டுக்குப் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் கம்பெனியின் லாப நஷ்டம். மூன்றாவதாக ஒரு பையன் வேப்பமரத்தடியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தானே, அவன் ஜார்க்கண்ட்காரன். பட்டறைக்குப் பின்னாலேயே ஷெட்டில் தங்கியிருக்கிறான். அவனுக்கு வீடு என்பது அந்த போனில் தெரியும் முகம்தான். நம் பக்கத்து மில் விடுதிகள் சிலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு போனே கொடுக்காமல் வைத்திருந்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கும் 'ஒழுக்கம்', 'பாதுகாப்பு' என்றுதான் காரணம் சொன்னார்கள். கம்பெனி ரகசியத்துக்கும் அந்தப் பையன் அம்மாவிடம் பேசுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தங்குமிடத்தில் ஒரு தனி வைஃபை போட்டு, சாயங்காலம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டால் பட்டறை மூழ்கிவிடாது. நம் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம் இல்லையா? அதே ஆசைதான் ஜார்க்கண்டில் அந்த அம்மாவுக்கும் இருக்கும்.

இதையெல்லாம் தம்பியிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிங்க அங்கிள், நோட்டீஸ எடுத்துரலாம். ஆனா நெட்வொர்க்க ரெண்டா பிரிக்கறதுக்கு நீங்களே ஒரு நாள் வந்து எங்க பையனுக்குச் சொல்லிக் குடுக்கோணும்" என்றார். அடுத்த புதன்கிழமை போகிறேன். எழுபத்தோரு வயசில் ஏணி ஏறி வயர் இழுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியும்.

அந்த நைரோபிப் பையனைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. எங்கே இருக்கிறானோ. அந்த மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. நான்தான் முயற்சி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. பழைய கம்பெனியின் ரெக்கார்ட் ரூமில் அவன் ஃபைலில் அது இன்னும் இருக்கும், கீழே என் கையெழுத்தோடு. அவன் போட்ட 15 ரூபாய் வவுச்சரும் அதே ஃபைலில்தான் இருக்கும். அந்தப் பணத்தை நாங்கள் அவனுக்குக் கொடுக்கவும் இல்லை.